வீட்டில் புலி, வெளியில் எலி: இது பிறவிக் குணமா?

மனநலம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மருத்துவ உளவியலாளர் பதில் அளிக்கிறார்

கேள்வி: ஐயா, எனக்கு 43 வயது. கிள்ளானில் குடும்பத்தோடு இருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் கொமுட்டர் ரயிலில்தான் போய்வருகிறேன். ஆபீஸில் என்னைப்போல் அமைதியான ஆள் கிடையாது என்று பெயர். மேலாளர் எல்லார் முன்னாலும் ஏசினாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். வீட்டு வாசலை மிதித்ததும் வேறு ஆளாகிவிடுகிறேன். போன வாரம் என் 12 வயது மகள் பள்ளிக் காலணியை வாசலிலேயே விட்டிருந்தாள். அதற்கு நான் கத்திய கத்தலில் பிள்ளை சாப்பிடாமலேயே படுக்கப் போய்விட்டாள். அரை மணி நேரத்தில் எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது. "உங்கப்பா மாதிரியே ஆயிட்டு வர்றீங்க" என்கிறாள் மனைவி. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவரும் இப்படித்தான். இது ரத்தத்தில் வந்த குணமா? பிறகு உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் புரிகிறது. அந்த நேரத்தில் மட்டும் புத்தி வேலை செய்வதில்லை. இந்த வயதுக்கு மேல் ஒருவன் மாற முடியுமா?
— பெயர் வேண்டாம், கிள்ளான்

பதில்: முடியும். "இனிமேல் கோபமே படமாட்டேன்" என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்து மட்டும் மாற முடியாது. கோபம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்துகொண்டால் மாறலாம்.

முதலில் ரத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரட்டையர்களை வைத்துப் பல நாடுகளில் செய்த ஆய்வுகளின்படி, குணநலன்களில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காட்டுக்கு மரபணு காரணம். இதை "என் கோபத்தில் பாதி அப்பா கொடுத்தது" என்று படித்துவிடக் கூடாது. ஒருவருக்குப் படபடப்பு எவ்வளவு சீக்கிரம் ஏறும், எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதில் பிறவிக்குப் பங்கு உண்டு. யாரிடம் கத்துவது, யாரிடம் வாய் பொத்துவது என்பதை எந்த மரபணுவும் எழுதி அனுப்புவதில்லை. உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. கட்டுக்கு அடங்காத கோபத்தோடு பிறந்தவர் என்றால் மேலாளரிடமும் என்றைக்காவது கத்தியிருக்க வேண்டுமே? அங்கே ஒரு நாளும் கத்தியதில்லை. ஆக, கோபத்தை நிறுத்தும் சக்தி உங்களிடம் நிறையவே இருக்கிறது. அதை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் கோளாறு.

பகல் முழுவதும் நீங்கள் செய்வது அடக்கிவைத்தல். அது முகத்தை மட்டும்தான் கட்டும். 1993இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு அருவருப்பூட்டும் மருத்துவக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பிரிவினரிடம், பார்ப்பவருக்கு எதுவும் தெரியாதபடி முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். முகம் சொன்னபடி கேட்டது. உள்ளே இருந்த அருவருப்பு இம்மியும் குறையவில்லை. கையில் வியர்ப்பது, விரல் நுனியில் ரத்தம் ஓடுவது போன்ற அளவீடுகளோ, முகத்தை இயல்பாக விட்டவர்களைவிட இவர்களுக்கு உள்பதற்றம் கூடுதல் என்று காட்டின. பத்து ஆண்டுகள் கழித்து கிராஸும் ஆலிவர் ஜானும் பழக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உணர்ச்சியை விழுங்கியே பழகியவர்களுக்கு மகிழ்ச்சியும் நெருங்கிய உறவுகளும் குறைவாக இருந்தன. நடந்ததை வேறொரு கோணத்தில் எடைபோட்டுப் பார்க்கப் பழகியவர்களுக்கு இரண்டும் கூடுதலாக இருந்தன.

"அடக்கம் நம் பண்பாடு ஆயிற்றே, அதையும் குறை சொல்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. 2007இல் எமிலி பட்லர் குழுவினர் அமெரிக்காவில் பெண்களிடையே செய்த ஆய்வில், ஆசியப் பண்பாட்டு மதிப்பீடுகளில் ஊறியவர்களுக்கு உணர்ச்சியை அடக்குவதால் வரும் பாதிப்பு மற்றவர்களைவிடக் குறைவு என்று தெரிந்தது. சபை மரியாதைக்காக மனம் ஒப்பிக் குரலைத் தாழ்த்துவது வேறு, வேலை போய்விடுமோ என்று பயந்து விழுங்குவது வேறு. இந்த இரண்டாவதுதான் உங்களோடு சேர்ந்து ரயில் ஏறி வீடு வரைக்கும் வருகிறது.

இப்போது அப்பா. தோட்டத்து வாழ்க்கையில் வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தன. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் மேற்பார்க்கும் கங்காணியோடோ கணக்கெழுதும் கிராணியோடோ முறைத்துக்கொண்டால் அன்றைய சம்பளம் மட்டுமல்ல, குடும்பம் படுத்துத் தூங்கும் கூரையும் கேள்விக்குறி. அங்கே வாயை மூடிக்கொண்டிருப்பது கோழைத்தனம் இல்லை, கணக்குப் போட்டு நடந்துகொள்வது. மூடிய வாய் திறப்பதற்குக் கிடைத்த ஒரே இடம் வீடு. எல்லாத் தோட்டத்து அப்பாக்களும் வீட்டில் கத்தினார்கள் என்று சொல்லவில்லை. சாந்தமானவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் உங்கள் அப்பாவிடம் நீங்கள் பார்த்துப் படித்த பாடம் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். தோட்டங்கள் துண்டுபோடப்பட்டு, மக்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் குடிவந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அந்தப் பாடம் மட்டும் மறக்கவில்லை.

அதே கிள்ளான் வட்டாரத்தில் இன்னொரு பாடமும் நடந்தது. 1941இல் இங்குள்ள ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்றார். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது எல்லாம் இருந்தன. கூடவே, துரைமாரும் உத்தியோகஸ்தர்களும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தை ஒடுக்கப் படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. விளைவை விடுங்கள், அந்தச் சைக்கிள் கோரிக்கையை மட்டும் ஒரு மனநல ஆலோசகனாகப் பார்க்கிறேன். வெகுநாள் விழுங்கிய அவமானம் அது. கள்ளுக்கடையிலோ மனைவி மேலோ கொட்டாமல், அதற்குப் பெயர் வைத்து, காரணத்தைக் கண்டுபிடித்து, சேரவேண்டியவருக்கு ஒரே வரியில் எழுதி அனுப்பினார்கள். உணர்ச்சியும் சிந்தனையும் ஒன்றாக வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும். உங்கள் கோபம் இன்னும் சேரவேண்டிய முகவரிக்குப் போகவில்லை; மகளின் காலணிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

1960களில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருந்த ஆரன் பெக் கவனித்த ஒன்று உங்களுக்கு உதவும். ஒரு நிகழ்ச்சிக்கும் அதனால் எழும் உணர்ச்சிக்கும் நடுவே, மின்னல்போல ஓர் எண்ணம் ஓடி மறைகிறது. நாம் அதைக் கவனிப்பதே இல்லை. காலணியைப் பார்த்த கணத்தில் உங்கள் மனசு என்ன சொல்லியிருக்கும்? "என்னை யாருமே மதிப்பதில்லை" என்றுதான் சொல்லியிருக்கும் என்பது என் ஊகம். 12 வயதுப் பிள்ளையின் காலணிக்கும் உங்கள் மதிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. மதிப்பைத் தொட்டுப் பேசியவர் மேலாளர், அதுவும் பகலில், ஆபீஸில். "அந்த நேரத்தில் புத்தி வேலை செய்வதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், கொதிநிலையில் யாருக்கும் யோசனை வராது. அதனால் யோசிக்கும் வேலையைக் கொதிப்பதற்கு முன்பே செய்யவேண்டும். அதற்கு உங்களுக்கு அருமையான நேரம் இருக்கிறது: ரயிலில் கழியும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கே.எல். சென்ட்ரலில் ஏறியதும் கைத்தொலைபேசியை எடுக்காதீர்கள். சுபாங் ஜெயா வருவதற்குள், அன்றைக்கு மனசைக் குத்திய ஒரே ஒரு விஷயத்தை எழுதிவிடுங்கள். உங்கள் பக்கம் இப்படி இருக்கலாம்:

நடந்தது: 11 மணிக் கூட்டம். மாதக் கணக்கு தாமதம் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் ஏசினார்.
உடம்பு: காது சூடானது. தாடை இறுகியது. மத்தியானம் சோறு இறங்கவில்லை.
பெயர்: கோபம் என்று நினைத்தேன். அவமானம். கொஞ்சம் பயமும்.
மனசு சொன்னது: இத்தனை வருஷம் உழைத்தும் மரியாதை இல்லை.
வேறு என்ன உண்மை: தாமதம் நிஜம். விற்பனைப் பிரிவு பில்லைக் கொடுத்ததே 5ஆம் தேதி. அது அவருக்குத் தெரியாது.
நாளைக்கு: தனியாகப் பார்த்து, பில் வந்த தேதிகளைக் காட்டுவது.

இதில் மூன்றாவது வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் செய்த மூளைப்பட ஆய்வில், ஒரு முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் வைத்தபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா பகுதியின் பரபரப்பு குறைந்தது. உங்களுக்குப் பெயர் வைக்கத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. வைக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் நான்கு நான்கு காரணம் சொல்கிறது. அழுகை என்றால் எதையோ இழந்ததாலா, பிறர் இழிவாக நடத்தியதாலா, முன்பிருந்த நிலையிலிருந்து சரிந்ததாலா, வறுமையாலா என்று பிரித்துக் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆறுதல் வேறு. உங்கள் "கோபத்தை"யும் அப்படிப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான நாட்களில் அது கோபமாகவே இருக்காது.

கடைசி வரி, "நாளைக்கு", இல்லாமல் பக்கத்தை மூடாதீர்கள். செய்யவேண்டிய ஒன்று எழுதப்பட்டுவிட்டால் மனசு அதைப் பிடித்துக்கொண்டு ஓரளவு அடங்கும். செய்வதற்கு எதுவுமே இல்லாத நாளும் வரும். அன்றைக்கு "ஒன்றும் செய்வதற்கில்லை, இன்றைக்கு மோசமான நாள்" என்று எழுதுங்கள். புக்கிட் படாக் தாண்டும்போது மனைவிக்கு ஒரு வாட்ஸ்அப்: "இன்னிக்கு ஆபீஸ்ல சரியில்ல. வந்ததும் பத்து நிமிஷம் குளிச்சிட்டு வந்து பேசறேன்." நீங்கள் எந்த மனநிலையில் வருகிறீர்கள் என்று வீட்டுக்கு முன்கூட்டியே தெரிவது பாதிச் சண்டையைத் தடுக்கும்.

மகளிடம் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. "அன்னிக்கு அப்பா கத்தினது காலணிக்காக இல்லம்மா. ஆபீஸ் கோபத்தை உன் மேல காட்டிட்டேன். தப்பு என்னோடது. காலணிய மட்டும் அலமாரியில வச்சிடு, சரியா?" இவ்வளவு போதும். பிள்ளைகள் அப்பாவின் கோபத்தைவிட, அதற்குத் தாங்கள்தான் காரணம் என்ற நினைப்பில்தான் அதிகம் நொறுங்குகிறார்கள். இன்னொன்று: உங்கள் அப்பாவிடமிருந்து நீங்கள் கத்துவதைப் படித்தீர்கள். கத்திய பிறகு எப்படிச் சரிசெய்வது என்பதை உங்கள் மகள் உங்களிடமிருந்து படிக்கட்டும்.

எவ்வளவு நாள் ஆகும்? 2017இல் பிரெண்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனநல ஆலோசனை போன்ற முயற்சிகளால் பெரியவர்களின் குணநலன்கள் அளந்து சொல்லும் அளவுக்கு மாறியிருந்தன. அதிகம் மாறியது உணர்ச்சி நிதானம். அந்த முயற்சிகளின் சராசரிக் காலம் 24 வாரம். ஆக, ஒரு வாரம் எழுதிப் பார்த்துவிட்டு "நமக்கு இது சரிப்படாது" என்று நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாதம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை கத்தலோடு நிற்காமல் கை ஓங்குவதோ பொருளை வீசுவதோ நடந்திருந்தால் நோட்டுப் புத்தகம் போதாது. உடனே நேரில் ஆலோசனைக்குப் போங்கள். வீட்டில் யாருக்காவது பயமாக இருந்தால் அரசின் தாலியான் காசே உதவி எண் 15999 எப்போதும் திறந்திருக்கிறது.

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. பிரிக்பீல்ட்ஸில் தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். அம்மா அப்பா ஈப்போவில். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம், பதவி, அனுபவம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் "போ" என்றுதான் வருகிறது. ஆனால் நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. "நீ ரொம்ப எமோஷனல், அறிவா யோசிச்சு முடிவு எடு" என்று அண்ணன் திட்டுகிறார். உணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு முடிவெடுப்பது எப்படி?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஒதுக்கிவைக்க முடிந்தவர்களின் கதையை முதலில் கேளுங்கள். நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட நூலில் எலியட் என்று அவர் பெயர் மாற்றிக் குறிப்பிடும் ஒரு நோயாளி வருகிறார். மூளைக் கட்டிக்கான அறுவை சிகிச்சையில் நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதி சேதமாகிவிட்டது. அறிவுத்திறன் சோதனைகளில் நன்றாகத் தேறினார். ஞாபகம், பேச்சு, கணக்கு எதிலும் குறையில்லை. சொந்த வாழ்க்கையின் சோகத்தைக்கூட யாரோ ஒருவர் கதைபோலச் சொல்வார், கண் கலங்காது. உங்கள் அண்ணன் கேட்கிற "அறிவு மட்டும்" உள்ள மனிதர் அவர். அவரால்தான் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. எந்த வேலை முக்கியம், எது அற்பம் என்று தெரியாமல் வேலையை இழந்தார், சேமிப்பை இழந்தார், மண வாழ்க்கையும் முறிந்தது. இதே மாதிரிப் பாதிப்புள்ள இன்னொரு நோயாளியிடம் டமாசியோ அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவர் கிட்டத்தட்ட அரை மணி நேரம் இரண்டு தேதிகளின் சாதகபாதகத்தையும் அடுக்கிக்கொண்டே இருந்தார். பட்டியல் எவ்வளவு நீண்டாலும், "இது போதும்" என்று சொல்வது உணர்ச்சிதான்.

ஆகவே வயிறு பிசைவதைத் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் எல்லாமே உண்மையாகிவிடாது, விசாரிக்க வேண்டும். பிசைவது எதற்காக? அம்மா அப்பாவுக்கு வயதாகிறது, இப்போது ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் வீட்டில் இருக்கலாம், அங்கிருந்து முடியாது என்பதாலா? புதிய இடத்தில் தோற்றுவிடுவோமோ என்றா? தோழிகளைப் பிரிந்து தனியாகிவிடுவோம் என்றா? முதல் காரணம் என்றால் பெற்றோரிடமே உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் நீங்கள் நினைப்பதைவிடத் தைரியமாக இருக்கக்கூடும். இரண்டாவது என்றால், அந்தப் பயம் எந்த நல்ல மாற்றத்தோடும் ஒட்டிக்கொண்டு வரும். அதற்காக நிற்கத் தேவையில்லை. மூன்றாவது என்றால் அங்கே யார் இருக்கிறார்கள், வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று இப்போதே விசாரியுங்கள்.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், "வரவில்லை" என்று கடிதம் அனுப்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு அன்று முழுவதும் இருங்கள். மறுநாள், "வருகிறேன்" என்று அனுப்பிவிட்டதாக. எந்த நாளில் மனசு இலகுவானது, எந்த நாளில் ஏக்கம் வந்தது என்று எழுதிவைத்து, பட்டியலோடு சேர்த்துப் படியுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு எடுக்கிற முடிவு எதுவானாலும், அது அறிவுள்ள முடிவுதான் என்று அண்ணனிடம் தைரியமாகச் சொல்லலாம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. செந்தூலில் இருக்கிறேன். தங்கை குடும்பத்தோடு சொத்துத் தகராறு வந்து பேச்சுவார்த்தை இல்லை. மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். பாரம் குறையவில்லை, கூடித்தான் போகிறது. பூஜையில் உட்கார்ந்தாலும் அதே நினைப்பு. ஏன் இப்படி?
— வாசகி, செந்தூல்

பதில்: டீச்சர், கொட்டினால் குறையும் என்பது பரவலான நம்பிக்கை. கோபத்தைப் பொறுத்தவரை அது தவறு. 2002இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் மாணவர்களைச் சோதனைக்காகக் கோபப்படுத்தி, ஒரு பிரிவினரை அந்தக் கோபத்துக்குக் காரணமானவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார். மற்றொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா இருந்தவர்கள்தான் தேவலை.

ஒரே நினைப்பை மென்றுகொண்டிருப்பதும் அப்படித்தான். சூசன் நோலன்-ஹோக்சிமா ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையை அளந்துவைத்திருந்த நேரத்தில், 1989 அக்டோபரில் அந்தப் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. துயரம் வந்தால் அதையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் உள்ளவர்கள் என்று முன்பே தெரிந்த மாணவர்கள், நிலநடுக்கத்துக்குப் பிறகும் அதிகச் சோர்வில் கிடந்தார்கள். நிலம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் ஆடியது.

நீங்கள் பார்க்கிறவர்களிடம் சொல்வது ஒவ்வொரு முறையும் ஒரே கதையாக, ஒரே இடத்தில் முடிகிறதா? கேட்பவர்கள் "அப்படியா, அநியாயம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்களா? அப்படியானால் அது பேசித் தீர்ப்பது ஆகாது. காயத்தைக் கீறிக் காட்டுவது.

1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சிலர் நடந்ததை மட்டும் எழுதினார்கள், சிலர் உணர்ந்ததை மட்டும். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களே அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகப் போனார்கள். எழுதும்போது முதல் ஓரிரு நாள் மனம் கனக்கத்தான் செய்யும், அது இயல்பு.

நீங்கள் ஆசிரியை, உங்களுக்கு எழுத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு நாள் எழுதுங்கள். நான்காவது நாள் மட்டும், அதே கதையைத் தங்கையின் வாயிலிருந்து எழுதுங்கள். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. அவர் எதற்குப் பயந்து அப்படி நடந்துகொண்டார் என்று மட்டும் தேடுங்கள். அதன் பிறகு இந்தக் கதையைப் பேசுவது என்றால், ஒரே ஓர் ஆளிடம் பேசுங்கள்: உச்சுக்கொட்டாமல் "சரி, அடுத்து என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்கக்கூடியவரிடம். சொத்து விவகாரத்தை ஒரு வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள். பூஜையில் நினைப்பு வந்தால் விரட்டாதீர்கள். விரட்ட விரட்ட அதுவே நிற்கும். "தங்கை நினைப்பு வந்திருக்கிறது" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, விட்ட மந்திரத்தை மறுபடி தொடங்குங்கள். நூறு தடவை வந்தாலும் நூறு தடவை அப்படியே.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 16 வயது. அடுத்த வருஷம் எஸ்.பி.எம். தேர்வு. சின்ன வயதிலிருந்தே வாயாடி, வீட்டையே கலகலப்பாக்குவான். மூன்று மாதமாக அறையை விட்டு வருவதில்லை. பிடித்த ஃபுட்சாலுக்கும் போவதில்லை. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறான். ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரிகிறது. பள்ளியில் மதிப்பெண் சரிந்துவிட்டது. "வயசுப் பையன், சுபாவம் மாறத்தான் செய்யும்" என்கிறார் அவன் அப்பா. மாமியார் கண்திருஷ்டி என்கிறார். நான் யாரை நம்புவது?
— ஒரு தாய், கிள்ளான்

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள் அம்மா. பிறந்ததிலிருந்தே கூச்சமாக இருக்கும் பிள்ளை 16 வயதிலும் கூச்சமாக இருந்தால் அது சுபாவம். வாயாடிப் பிள்ளை ஊமையானால் அதைச் சுபாவம் என்று சொல்லமுடியாது. குணம் அப்படி மூன்றே மாதத்தில் தலைகீழாகாது. தலைகீழானதுபோல் தோன்றினால், குணத்தை ஏதோ ஒன்று மூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிடித்த விளையாட்டை விடுவது, தூக்கம் கெடுவது, படிப்பில் கவனம் சரிவது, ஆட்களை ஒதுக்குவது: இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்த்துவிட வேண்டும். உங்கள் மகனுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. பள்ளியில் பகடிவதை, காதல் முறிவு, கைத்தொலைபேசியில் யாருடைய மிரட்டல் என்று வேறு காரணமும் இருக்கலாம். எதுவானாலும் காத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது.

நீங்கள் தனி ஆள் இல்லை என்பதும் தெரியட்டும். மலேசிய சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு இளையோர் ஆய்வில், நாட்டின் பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவருக்கு, துல்லியமாகச் சொன்னால் 26.9 விழுக்காட்டினருக்கு, மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. 2023ஆம் ஆண்டு ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினர், ஏறக்குறைய 10 லட்சம் பேர், மனச்சோர்வில் இருப்பதாகத் தெரியவந்தது. 2019இல் அந்த அளவு 2.3 விழுக்காடுதான்.

கோயிலுக்கு அழைத்துப்போவதில் தவறில்லை, அவனுக்கு இஷ்டமிருந்தால். மாமியாரோடு அதற்காகச் சண்டை போடாதீர்கள். கோயிலுக்கும் போங்கள், கிளினிக்குக்கும் போங்கள். பக்கத்திலுள்ள அரசு சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து, தேவைப்பட்டால் சிபாரிசுக் கடிதம் வாங்கலாம். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலப் பிரிவு என்றதும் "ஊர் என்ன சொல்லும்" என்று கணவர் தயங்கலாம். மதிப்பெண்ணும் தூக்கமும் சரிந்ததற்குக் காரணம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே. பள்ளியின் ஆலோசக ஆசிரியரையும் சந்தித்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. மேசையில் எதிரெதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். காரில் போகும்போதோ, மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடும்போதோ, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "ஏன் இப்படி இருக்கே?" என்று தொடங்கினால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "மூணு மாசமா நீ ஃபுட்சாலுக்குப் போகல. ராத்திரி தூங்கறதில்ல. மார்க்குக்காகக் கேக்கல, உனக்காகக் கேக்கறேன்." பிறகு நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவன் பேசுவதற்கு ஐந்து நிமிடம் ஆனாலும் பொறுங்கள். பேசத் தொடங்கினால் அறிவுரை வேண்டாம், "அப்புறம்?" என்ற ஒரு சொல் போதும்.

ஒரு கேள்வியை மட்டும் தவிர்க்காதீர்கள். "வாழவே வேணாம்னு எப்பவாவது தோணுச்சாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருந்தால் வெளியே வரும், அதுதான் நமக்குத் தேவை. "ஆமா" என்றால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பெஃப்ரெண்டர்ஸ் உதவி அமைப்பின் 03-76272929 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. பிள்ளை பேசத் தயங்கினால், என்ன செய்வது என்று கேட்க நீங்களே அழைக்கலாம்.

கிளினிக் திங்கட்கிழமை காலையில் திறக்கும். வயசுக் கோளாறாக இருந்தால் மருத்துவர் சொல்லிவிடுவார், அப்பாவும் நிம்மதியாவார்; வேறு ஏதாவது என்றால் இன்னும் மூன்று மாதம் வீணாகாமல் சிகிச்சை தொடங்கிவிடும்.